இரண்டாம் பாகம் பற்றி அக்கா சொன்னது

அந்த ரஷ்யப் படத்தின் முதல் பாகத்தை எங்கள் படக் குழுவில் யாரும் பார்த்திருக்கவில்லை. கிடைத்தது இரண்டாம் பாகம் மட்டும்தான். திரையின் அடியில் யாரோ சிங்களத்தில் வசனம் எழுதிச் சேர்த்திருந்த பிரதி அது. முதல் பாகம் தெரியாமல் இதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது என்று எங்கள் சட்டத்தரணி முன்கூட்டியே எச்சரித்தார். புரியாவிட்டால் பரவாயில்லை, படம் பார்க்க அழகாக இருக்கிறதாம் என்று சித்திர ஆசிரியை சொன்னார். அழகாக இருந்தால் போதும் என்று முடிவாயிற்று.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் இரத்தினபுரியில் கூடிப் படம் பார்ப்போம். இடம் ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடி. கடைக்காரர் ஐம்பதைத் தாண்டிய முஸ்லிம், இளம் வயதிலிருந்தே படப் பைத்தியம். சுவரில் வெள்ளைத் திரை, பழைய புரொஜெக்டர், டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிச் செய்த இருக்கைகள். படம் முடிந்ததும் பிளேன்டீ வரும். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். அவரையும் என்னையும் தவிர எல்லோரும் சிங்களவர்கள். அதனால் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான் நடக்கும். சிங்களம் எனக்குத் தமிழைப் போலவேதான், வராத பேச்சில்லை.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். டவுனில் ஒரு வீட்டில் போர்டிங். ஊர் எது என்று கேட்டால் எங்கள் பஸ் பாதையிலுள்ள பஜாரின் பெயரைச் சொல்லிவிடுவேன். பஜாரிலிருந்து மூன்று மைல் மேலே போனால் ரப்பர்த் தோட்டம், அங்கே கீழ் டிவிசனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்கள் லயம். அந்த மூன்று மைலை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றியதுமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று, அவ்வளவுதான்.

அன்று காலையிலிருந்தே மழை. மரம் நனைந்திருந்தால் ரப்பர்ப் பால் வெட்ட முடியாது. வேலை இல்லாத நாள் என்று அக்கா மகளுக்குச் சப்பாத்து வாங்க டவுனுக்கு வந்திருந்தாள். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பதினாறு வயதிலிருந்தே பால் வெட்டுகிறாள். மத்தியானம் போன் எடுத்தாள்.

“ரோட்டுல தண்ணி ஏறிருச்சாம் புள்ள. பஸ் அஞ்சு மணிக்குப் பொறகுதான்னு சொல்றாங்க. ஒன் ரூமுக்கு வரட்டா?”

அறைச் சாவி என் பையில் இருந்தது. நான் டைல்ஸ் கடையின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பிறகு கடைக்கே வரச் சொன்னேன்.

தலையில் போட்டிருந்த பொலித்தீன் பையை மீறி நனைந்து வந்தாள். கடைக்காரர்தான் முதலில் கண்டார். “உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க. மழ விடும் வரைக்கும் எங்களோட படம் பாருங்க” என்று துவாய் ஒன்றைக் கொடுத்தார். மற்றவர்களிடம் “மகே அக்கா”, என் அக்கா, என்றேன். எல்லோரும் புன்னகைத்தார்கள். சித்திர ஆசிரியை நகர்ந்து இடம் கொடுத்தார். சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள்.

படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனி விலகாத ஒரு நகரம். நடுவில் உறைந்துபோன ஆறு. அந்தப் பனிக்கட்டிக்கு அடியில் இன்னொரு நகரம், மேலே உள்ளதைப் போலவே தலைகீழாக. கதாநாயகி டிராம் வண்டி ஓட்டுகிறவள், சிவப்புக் கோட்டு போட்டவள். அவளுடைய டிராம் சில வேளைகளில் பனியைப் பிளந்து கீழ் நகரத்துக்குள் போகும். தாடி முழுக்க அந்துப்பூச்சிகள் மொய்த்த ஒரு தளபதி வருகிறான். கையுறையைக் கழற்றுவதுபோல முகத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடும் விருந்தாளிகள் வருகிறார்கள். ஒரு காட்சியில் அவள் தளபதியைக் காப்பாற்றுவாள், அடுத்த காட்சியில் அவனுக்கே விஷம் வைப்பாள். ஏன் என்று படம் சொல்லாது. ஒவ்வொரு சட்டகமும் சட்டம் போட்டு மாட்டலாம்போல் இருந்தது. கதை மட்டும் கைக்குள் நிற்கவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

சட்டத்தரணி வழக்கம்போல் முதலில் தொடங்கினார். இரண்டு நகரங்கள் என்பது அதிகாரமும் மக்களும், அந்தப் பெண் இரண்டுக்கும் இடையில் சிக்கிய மனச்சாட்சி, அதனால்தான் அவள் முன்னுக்குப் பின் முரணாக நடக்கிறாள் என்று பதினைந்து நிமிடம் பேசினார். சித்திர ஆசிரியைக்கு அந்தச் சிவப்பும் வெள்ளையும் பிடித்திருந்தது. ஆனால் இயக்குநர் தன் கெட்டித்தனத்தைக் காட்டுவதிலேயே குறியாக இருந்துவிட்டார், ஒரு மனுஷியைக்கூட எங்களுக்கு நெருக்கமாக்கவில்லை என்றார். கடைக்காரர் தான் இரண்டு தடவை நித்திரையாகிவிட்டதை ஒத்துக்கொண்டார். விழித்த இரண்டு தடவையும் திரையில் சாப்பாடு இருந்ததாம். எனக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. எங்கோ வாசித்திருந்ததை வைத்து, இது தர்க்கத்துக்குக் கட்டுப்படாத கனவின் மொழி என்று சொன்னேன். சட்டத்தரணி தலையாட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது அக்கா என் பக்கம் சாய்ந்து, தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அது ஒருத்தி இல்ல புள்ள, ரெண்டு பேரு. ஒருத்தி மேல இருக்கிறவ. மத்தவ தண்ணிக்கு அடியில இருந்து வந்தவ. அவளுக்கு மட்டும் முடி நுனியில ஈரம் இருந்துக்கிட்டே இருக்கு. முடி காயிறப்ப நுனிதானே கடைசியாக் காயும். வெசம் வைக்கிறவளப் பாரு, நுனி ஒட்டிக் கெடக்கு. காப்பாத்துறவளுக்குக் காஞ்சிருக்கு.”

“அக்கா மொகத்த கிவ்வே?” என்று சட்டத்தரணி கேட்டார். என்ன சொன்னார்கள் என்று உண்மையான ஆவலோடுதான் கேட்டார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அக்காவின் நைந்த சட்டைக் கை, விரலிடுக்கில் எப்போதும் போகாத பால் கறை, கழுத்தில் கிடந்த துவாய், எல்லாமே ஒரே நேரத்தில் என் கண்ணில் பட்டன.

நான் சிங்களத்தில் சொன்னேன். “அக்காவுடைய தலை இன்னும் காயவில்லையாம். அதனால் அந்தப் பெண்ணின் தலையும் காயவில்லை என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தாராம்.”

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. சித்திர ஆசிரியை அக்காவின் தோளைத் தட்டி, சளி பிடித்துவிடும், நன்றாகத் துடையுங்கள் என்றார். அக்காவும் சிரித்தாள். கடைக்காரர் பிளேன்டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஐந்து மணிக்கு மழை விட்டது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறப் போகும்போது அக்கா சொன்னாள், “நான் சொன்னத நீ அப்பிடியே சொல்லலியே. எனக்கும் சிங்களம் வெளங்கும்ல.”

பஜாரில் மரக்கறிக்காரரோடும் தோட்டத்துக் காவலாளியோடும் அவள் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவள். அது எனக்குத் தெரியாததா?

“திடீர்னு கேட்டாங்க அக்கா. அவசரத்துல அப்பிடி வந்திருச்சு.”

“சரி விடு” என்று ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரரிடம் படத்தை வாங்கி வந்திருந்தேன். அக்கா சொன்னது மனதில் குடைந்துகொண்டிருந்தது. காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விஷம் வைக்கும் காட்சியில் முடி நுனி ஈரமாகக் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. காப்பாற்றும் காட்சியில் காய்ந்து பறந்தது. இன்னொரு காட்சியில் பறவைக் கூண்டைத் திறந்துவிடுகிறவளுக்குக் காய்ந்திருந்தது. கூண்டைப் பூட்டுகிறவளுக்கு ஈரம், தோளில் ஒரு துளி விழுவதுகூடத் தெரிந்தது. முரண் முரண் என்று நாங்கள் ஒரு மணி நேரம் பேசிய எல்லாமே நேராகிவிட்டது. நாங்கள் அத்தனை பேரும் கீழே ஓடிய சிங்கள எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு அதை அவ்வளவு வேகத்தில் வாசிக்க வராது. அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

இணையத்தில் ஒரு தமிழ்ச் சினிமாக் குழுவில் நான் அவ்வப்போது எழுதுவதுண்டு. அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். ‘என் அக்காவோடு இந்தப் படத்தைப் பார்த்தேன்’ என்றுதான் தொடங்கினேன். இரண்டு வரி எழுதியதும் யோசனை வந்தது. அக்கா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் எழுத வேண்டும். அந்த வரியை அழித்தேன். ‘இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன்’ என்று மாற்றினேன். அதன் பிறகு எழுத்து தடையில்லாமல் ஓடியது. முடி நுனி, ஈரம், இரண்டு பெண்கள். முடி காயும்போது நுனிதான் கடைசியாகக் காயும் என்ற வரியைக்கூட விடவில்லை.

மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. என்ன கூர்மை, என்ன பார்வை என்று யார் யாரோ எழுதினார்கள். குழப்பமான படம் என்று பாதியில் நிறுத்தியவர்கள் திரும்பப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். நடையும் உடையும் தவிர இந்தப் படத்தில் ஒன்றுமில்லை என்று முன்பு எழுதியிருந்த ஒருவர், தன் கருத்தை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார். அலுவலகத்தில் கோப்புகளுக்கு அடியில் போன் அடிக்கடி மினுங்கியது. சட்டத்தரணிக்கும் செய்தி எட்டிவிட்டது. ‘எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தப்பியதைப் பிடித்துவிட்டீர்கள்’ என்று சிங்களத்தில் அனுப்பியிருந்தார். ‘நன்றி’ என்று பதில் போட்டேன்.

நான்காம் நாள் மலைப்பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் குழுவில் பதில் எழுதினார். அவர் என்னைத் திட்டவில்லை, ஒவ்வொரு காட்சியாக எடுத்துப் போட்டார். விருந்துக் காட்சியில் அந்தப் பெண்ணின் முடி நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஆனால் கீழ் நகரத்துப் பேச்சைப் பேசுகிறாள், அது எப்படி என்று கேட்டார். அடையாளம் முடியில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்றார். அந்தக் குளிரில் மேல் நகரத்தவர்கள் மூச்சுவிட்டால் வாயிலிருந்து ஆவி வருகிறது, கீழ் நகரத்தவர்களுக்கு வருவதேயில்லை, தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரு இடத்திலும் இது தவறவில்லை. குளிரில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே கண்ணில் படும் என்று முடித்திருந்தார்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நன்றாயிருக்கிறது என்றவர்களே எனக்கு எதிராகத் திரும்பினார்கள். முடி நிபுணர் என்றார் ஒருவர். அடுத்த படத்துக்கு நகத்தைப் பாருங்கள் என்றார் இன்னொருவர். எந்த ஷாம்பு என்று கேட்டு ஒரு பெண் படம் போட்டிருந்தார். அலுவலகத்தில் எனக்குக் காது சுட்டது. மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கக்கூட இல்லை. சட்டத்தரணிக்கும் இது எட்டிவிடுமே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. ‘உண்மையில் இது என்னுடைய கருத்தல்ல. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் என் அக்காவுடையது. அதிகம் படிக்காதவர். அவருடைய பாமரப் பார்வை சுவாரசியமாக இருந்ததால் அப்படியே பதிந்தேன்.’

உடனே காற்று மாறியது. கேலி செய்தவர்கள் இதயம் போட்டார்கள். பாவம், வெள்ளை மனசு, இப்படிப்பட்டவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும், உங்களுக்குப் பெரிய மனசு என்றெல்லாம் எழுதினார்கள். எனக்குப் பாரம் இறங்கியது. போர்டிங்குக்குப் போனதும் மத்தியானச் சாப்பாட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதில் என்னால் மறக்க முடியாதது அதுதான்.

அடுத்த போயா தினத்துக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, வீட்டுக்குப் போனேன். லயத்துக் கோடியில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். வழக்கமாக “சித்தி” என்று முன்னுக்கு ஓடிவந்து பையை வாங்குகிற அக்காவின் மகள் வெளியே வரவேயில்லை. பதினைந்து வயது அவளுக்கு. உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் இருந்தாள்.

அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். “வா, கைய கழுவிட்டு வா” என்றாள்.

சம்பலும் ரொட்டியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் ஒரு வாய் வைத்திருப்பேன்.

“பாமரம்னா என்னா புள்ள?”

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

“எங்க பாத்தீங்க?”

“இவ கிளாஸ்ல ஒரு பொண்ணோட அண்ணன் பாத்துருக்கான். அவன் காட்டி, அந்தப் பொண்ணு காட்டி, பள்ளிக்கூடம் பூராத் தெரிஞ்சிருச்சு. இவள ஈரமுடின்னு கூப்பிடுறாங்களாம். அது போகுது, சின்னப் புள்ளைங்க. எனக்கு அந்த வார்த்ததான் வெளங்கல. இவகிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்குறா.”

“சும்மா… சாதாரண ஆளுங்கன்னு அர்த்தம்.”

உள்ளிருந்து மகளின் குரல் வந்தது. “ஒண்ணுந் தெரியாதவங்கன்னு அர்த்தம். சரியா இருந்தப்ப சித்தியோட கருத்து. பிழையாப் போனதும் அம்மாவோட கருத்து.”

“நீ படி” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை.

அடுப்பிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அக்கா வேறொன்றைக் கேட்டாள்.

“பிழைன்னு யாரு சொன்னது?”

சொன்னேன். விருந்துக் காட்சியையும் மூச்சையும் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“படம் கையில இருக்கா?”

மடிக்கணினி பையில் இருந்தது. ரொட்டிப் பலகையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விருந்துக் காட்சியைப் போட்டேன். முன்னுக்குக் குனிந்து பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தடவை பார்த்தாள். மகள் அறை வாசலில் வந்து நின்று, எங்களைப் பார்க்காதவள்போல் திரையைப் பார்த்தாள்.

“ஆமா. இங்க காஞ்சுதான் இருக்கு” என்றாள் அக்கா. “மத்தவங்க வாயில பொகை வருதே, அது என்னா?”

“ரொம்பக் குளிர்னா அப்பிடி வரும். நுவரெலியாப் பக்கமெல்லாம் காலையில வருமாம்.”

“நம்ம பக்கம் அது எங்க வருது. வேர்க்கத்தானே செய்யுது.” திரும்பவும் திரையைப் பார்த்தாள். “அந்த ஆளு நல்லாப் பாத்துருக்காரு. சரி, ரெண்டு பேருன்னு நான் சொன்னது சரிதானே?”

“சரி அக்கா. அத அவரும் சொல்றாரு.”

“நீயும் பாத்துட்டுத்தானே போட்ட? பாத்தப்ப ஒனக்கும் முடிதான்னு பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

“அப்ப ரெண்டு பேரும்தானே பிழையாப் பாத்தோம்.”

அவள் அதை எனக்குக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். கணக்கைச் சரியாகச் சொல்வதுபோல் சொன்னாள். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“அக்கா, நான் அத அழிச்சிர்றேன். இப்பவே.”

போனை எடுத்து அவள் முன்னாலேயே அழித்தேன். அழித்துவிட்டுக் காட்டினேன்.

“எல்லாம் போயிருச்சா?”

“எல்லாம்.”

“நான் சொன்னதுமா?”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மகள் வாசலிலிருந்து திரும்பி உள்ளே போய்விட்டாள். அக்கா எழுந்து மிச்ச மாவைத் தட்டத் தொடங்கினாள். அன்று மாலை பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். வழியெல்லாம் கங்காணி மாறியதையும், புது மரங்களில் பால் குறைந்ததையும், மகளின் கணிதப் பரீட்சையையும் பற்றிப் பேசினாள். நானும் அவற்றைப் பற்றியே கேட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். போகாவிட்டால் அதுவும் ஒளிந்துகொள்வதுதான் என்று தோன்றியது. சற்று முன்னதாகவே போனேன். கடைக்காரர் தனியாகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் முதலில் சொல்லிவிடலாம், மற்றவர்களிடம் சொல்ல அது பழக்கமாக இருக்கும் என்று எண்ணினேன்.

“அன்னைக்கு அந்த முடி விசயம்… அது நான் கண்டுபிடிச்சது இல்ல. அக்கா இங்க வச்சே சொன்னது.”

அவர் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரியும்தானே” என்றார். “நான் பக்கத்துலதானே இருந்தேன். அவங்க தமிழ்ல சொன்னது எனக்கு வெளங்கின. நீங்க சிங்களத்துல சொன்னதும் வெளங்கின.”

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தார் என்பது அன்றைக்கு எப்படி என் புத்திக்கு எட்டாமல் போனது? அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இணையத்தில் நான் எழுதியதையும் அவர் வாசித்திருந்தார். பாராட்டு வந்த மூன்று நாளும், கேலி வந்த நாளும், பிறகு நான் எழுதிய அந்த வரியும், எல்லாமே அவருக்குத் தெரியும். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் இடையில் ஒருநாள் கடை வாசலில் என்னைக் கண்டு சுகம் விசாரித்திருக்கிறார்.

“ஏன் ஒண்ணுஞ் சொல்லல நீங்க?”

“அது ஒங்கட வீட்டு விசயம். நான் எப்பிடிச் சொல்ற?” அடுத்த பெட்டியைத் தூக்கினார். “அவங்களத் திரும்பக் கூட்டி வாங்க. எனக்கு அவங்கட பேச்சக் கேக்க விருப்பம்.”

மற்றவர்கள் வந்தபிறகு சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எந்த ஊர் என்பதையும், பஜாருக்கு மேலே உள்ள மூன்று மைலையும் சேர்த்துச் சொன்னேன். தைரியம் வந்து சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். கடைக்காரருக்குத் தெரியும் என்றானபிறகு மறைப்பது கஷ்டமாகிவிட்டது, அதனால் சொன்னேன். சட்டத்தரணி தொண்டையைச் செருமிக்கொண்டு, மனிதர்கள்தானே என்றார். சித்திர ஆசிரியைதான் என் பக்கம் திரும்பினார். “நாங்கள் அன்றைக்குச் சிரித்தோமே” என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. அதன் பிறகு விளக்கை அணைத்துவிட்டு வேறொரு படம் பார்த்தோம். என்ன படம் என்று நினைவில்லை.

அக்காவிடம் போனில் கேட்டேன். கடைக்காரர் உங்களை வரச் சொல்கிறார், நீங்கள் சொன்னதை அன்றைக்கு நான் மாற்றிச் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன்.

“சனிக்கெழம வெட்டு இருக்கே புள்ள.”

“மழை நாள்ல?”

“மழ நாள்ல பஸ் ஓடாதே.”

இரண்டும் உண்மைதான். மழையுமில்லாமல் வேலையுமில்லாமல் ஒரு சனிக்கிழமை வராதா என்று நான் கேட்கவில்லை. அவளும் வேறு காரணம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அக்கா என்னோடு கோபமாக இல்லை. வீட்டுக்குப் போனால் பலாக்கொட்டை அவித்து வைத்திருக்கிறாள், திரும்பும்போது ஈரப்பலாக்காய் கட்டித் தருகிறாள். மகளும் என்னோடு பேசுகிறாள், பாடத்தில் சந்தேகம் கேட்கிறாள், சித்தி என்று கூப்பிடுகிறாள். ஆனால் நான் ஏதாவது படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அக்கா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாள். “அப்பிடியா” என்கிறாள். முன்பெல்லாம் டிவியில் எந்தக் குப்பை நாடகம் ஓடினாலும் எனக்குப் போன் எடுத்து, அந்த மாமியார் பொய் சொல்கிறாள், அவள் கையைப் பார்த்தாலே தெரிகிறது என்று ஐந்து நிமிடம் பேசுவாள். நான் கேட்டும் கேளாமலும் கோப்பில் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த அழைப்புகள் இப்போது வருவதில்லை.

போன மாதம் போயிருந்தபோது நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே டிவி ஓடியது. அக்காவும் மகளும் ஏதோ ஒரு பாத்திரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவன் திருடன் என்று மகள் சொன்னாள். இல்லை, அவன் யாருக்கோ பயப்படுகிறான், அவன் உட்காருகிற விதத்தைப் பார் என்று அக்கா சொன்னாள். குரல் உயர்ந்து, சிரிப்பும் கலந்து, நன்றாகச் சூடு பிடித்திருந்தது. நான் வெறும் வாளியோடு உள்ளே போனேன்.

“யாரு அக்கா, என்னா கதை?”

“ஒண்ணுமில்ல. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்” என்றாள். உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, உட்காரச் சொல்லிக் கையால் தட்டினாள்.

உட்கார்ந்தேன். நாடகம் முடியும் வரைக்கும் மூன்று பேரும் பார்த்தோம். அவன் திருடனா, பயந்தவனா என்று அன்றைய பாகத்தில் தெரியவில்லை. மகள் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அக்கா எதுவும் சொல்லவில்லை.